நூலும் பாண்டமும் சிற்பமாவது எப்படி?

கல்லைச் செதுக்குவதும் உலோகத்தை வார்ப்பதுமே சிற்பம் என்று பரம்பரையாக எண்ணி வந்த நமக்கு, நூலையும் ஊசியையும் காலிப் புட்டிகளின் மூடிகளையும் கொண்டு இக்காலச் சிற்பிகள் ஆக்கும் உருவங்களைக் காணும்போது, இவை எவ்விதம் சிற்பமாகும் என்ற சந்தேகம் எழுவது இயல்பே. அதற்கு விடை தேடத் தாமிரபரணிக் கரையைவிடத் தகுந்த இடம் வேறில்லை என்பது என் துணிபு.

அக்கரையில் பண்டைய ஈமக்காடான ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் பரம்பில் 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலச் சல்லடைகளையும் மட்டுமன்றி, தாழிக்குள் இருந்த பானைகளில் நெல்லுமியையும், உலோகத்தை ஒட்டிக் கிடந்த காரணத்தால் மக்காமல் தப்பிய துணியின் சுவடுகளையும் கண்டார். மண்ணில் புதைந்த துணி நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஆயினும் உலோகம் களிம்பேறும்போது கசியும் உப்பு இழைகளில் ஊறினால், அவற்றை அரிக்கும் கிருமிகள் அண்டுவதில்லை. இறந்தவருக்கு அடுக்களைப் பாண்டங்களையே துணையாக வைத்த அம்மக்கள், பிரயோஜனத்துக்கு அப்பாற்பட்ட ஓர் அர்த்தத்தை அந்த வஸ்துக்களுக்கு அளித்தார்கள். இன்றைய சிற்பி செய்வதும் அதுவே.

கர்நாடகத்தின் ஷீலா கௌடா 1998-இல் உருவாக்கிய ‘என் வேதனையை அவனிடம் சொல்’ என்ற படைப்பில், ஊசிக்கண்களில் கோத்த நூல்களைக் குங்குமக் குழம்பால் ஒட்டிச் சேர்த்த நீண்ட செங்கயிறு சுவரிலும் தரையிலும் வளைந்தோட, அதன் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. நம் வீட்டுப் பெண்களின் கையில் நாள்தோறும் புழங்கும் அற்பப் பொருள்களே அங்கே உடலின் நோவாக மாறி நிற்கின்றன. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சூயி, மதுப்புட்டி மூடிகளைத் தட்டித் துளையிட்டுச் செம்புக் கம்பியால் பிணைத்து, தம் குடும்பத்தாரும் நெய்த கென்டே என்ற பாரம்பரியத் துணியை நினைவூட்டும் பிரம்மாண்டமான திரைகளை ஆக்கினார். 2015-இல் வெனிஸ் கண்காட்சி அவருக்குத் தங்கச் சிங்க விருதை அளித்தது.

இதே தாமிரபரணியின் மேற்பகுதியில், பத்தமடையில், கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, நூலினும் மெல்லியதாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாகக் கோக்கும் பெண்கள், பட்டுப்போல் மடங்கும் பாயை நெய்கிறார்கள். அந்த அபூர்வச் சிருஷ்டியைக் கைத்தொழில் என்று ஒதுக்கிவிட்டு, அனட்சூயியின் திரையை மட்டும் கலையென்று போற்றுவது நியாயமாகாது. கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரை நெய்து தரும் கை, தன் பெயரை அதில் நெய்வதில்லை. ஆதிச்சநல்லூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சல்லடைக்கு அருகே ஒரு பத்தமடைப் பாயையும், அதை நெய்தவரின் பெயரோடு, அதிகாரிகள் வைக்க வேண்டும்.