பச்சோந்திக்குக் கூண்டா, வேலியா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து வேலிகள் தழைத்து நிற்கும்போது, முள் வெட்டவோ கொடி அறுக்கவோ சென்றவர் கண்ணில் பச்சோந்தி அகப்படுவதுண்டு. உடனே அதைக் குச்சியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, காகிதப் பெட்டியிலோ கண்ணாடித் தொட்டியிலோ அடைத்து, குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் வழக்கம் பல கிராமங்களில் இருந்து வருகிறது. பெட்டியிலே நாலு இலையும், ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், செத்த ஈக்கள் சிலவும் போடப்படுகின்றன. பிராணியோ அவற்றில் ஒன்றையும் தொடாமல் மெலிந்து, கண் குழிந்து, சில நாட்களில் மாண்டுபோகிறது. இதற்குத் தக்க கூண்டு எவ்வாறு அமைப்பது என்று விசாரிப்போரும் உண்டு. அவ்விசாரணைக்கு விடை கூறுமுன் சட்டத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே. அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. அதைப் பிடிப்பதும், அடைத்து வைப்பதும், விற்பதும், வாங்குவதும் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமான குற்றங்களாகும். தம் சொந்த வேலியில் கண்டது, தம் நிலத்தில் பிடித்தது என்ற சமாதானம் செல்லாது. கிராம அலுவலர்கள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். அறியாமையால் செய்பவரே இவ்விஷயத்தில் அதிகம்.

பச்சோந்தியையும் கரட்டோணானையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். கரட்டோணான் விரைந்து ஓடும். அதன் விரல்கள் தனித்தனியே நீண்டிருக்கும். பச்சோந்தியோ காற்றில் ஆடும் இலையைப் போல் முன்னும் பின்னும் அசைந்து, அடி மேல் அடி வைத்தே நகரும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக இரு கட்டாகச் சேர்ந்து, கிளையைக் குறடுபோலப் பற்றுகின்றன. வாலும் கிளையைச் சுற்றிப் பிடிக்கவல்லது. கண்கள் இரண்டும் வெவ்வேறு திசைகளில் சுழன்று நோக்கும். நாக்கோ, வால் நீங்கலாக உடலின் நீளத்துக்குக் குறையாத தூரம் பாய்ந்து பூச்சியைக் கவ்வி மீளும். இதற்கு விஷம் கிடையாது. தொட்டால் வாய் திறந்து சீறும், மிஞ்சினால் கடிக்கும், அதனால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. ஓணான் இனத்தின்மேல் பழங்கதைகளைச் சாக்காக வைத்துச் சிறுவர் கல்லெறிவது போல இதன்மேலும் எறிவதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

இது எந்த நிறத்தின்மேல் வைத்தாலும் அந்நிறத்தை அடையும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. வெயிலின் தேவை, பயம், கோபம், தன்னினத்தைக் கண்ட கிளர்ச்சி ஆகியவையே நிறமாற்றத்துக்கு முக்கிய காரணங்கள். தோலுக்குள் இருக்கும் மிக நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் ஒளியை வேறுவிதமாகத் திருப்புவதால் நிறம் மாறுகிறதென்று, மடகாஸ்கர் தீவின் பச்சோந்தியொன்றை ஆராய்ந்து ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்டனர். ஆகவே பெட்டியிலிட்ட பச்சோந்தி கறுத்துக் காணப்படுமாயின், அது வேடிக்கையன்று. பெரும்பாலும் அதன் துன்பத்தின் அடையாளம்.

ஏமன் நாட்டையும் மடகாஸ்கரையும் சேர்ந்த பச்சோந்தி இனங்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூண்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கிறார்கள். அவர்கள் பல பிராணிகளை இழந்து கற்ற பாடம், கூண்டின் அகலத்தைவிட உயரமே முக்கியம் என்பது. வளர்ந்த பிராணி ஒன்றுக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நாலடி உயரம் வேண்டும். நாற்புறமும் வலையாக இருத்தல் வேண்டும்; கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கி நுரையீரல் நோய் உண்டாகும். வலையின் கம்பி மழமழப்பாக இராவிடில் நகம் பெயர்ந்துபோகும். கூண்டை மனிதன் தலைக்குச் சமமான உயரத்தில் வைக்கவேண்டும். மேலிருந்து குனிந்து பார்ப்பவரைப் பருந்தென்று அது அஞ்சும். ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் வைத்தால் சண்டையிடும், அல்லது ஒன்றின் பயத்தால் மற்றொன்று உண்ணாதொழியும்.

இவற்றைவிடக் கஷ்டமானவை நீரும் வெளிச்சமும். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைக் குடிப்பது அபூர்வம். இலையில் தங்கி மின்னும் துளியையே அது நக்கிக் குடிக்கும். ஆகையால் இலைகளின்மேல் சொட்டுச் சொட்டாக நெடுநேரம் நீர் விழும்படி கருவி வைக்கிறார்கள். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் உடம்பில் படாவிட்டால் அதற்குச் சுண்ணாம்புச் சத்து சேராது. எலும்பு மெலிந்து கால்கள் வளைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்குப் பயன்படாது. அக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. எனவே விசேஷ விளக்கு ஒன்று பொருத்துகிறார்கள். அதுவும் கண்ணுக்கு எரிவதுபோல் தோன்றியபோதே உள்ளே சக்தி குறைந்துபோவதால், குறித்த காலத்தில் மாற்றவேண்டியிருக்கிறது. இரைக்காகச் சிள்வண்டு வளர்த்து, அதற்குக் கீரை ஊட்டி, சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுக்கிறார்கள். இவ்வளவு செலவும் கவனமும் செய்தும் இறப்பன பல. அட்டைப் பெட்டியில் நம் பச்சோந்தி பிழைக்காததில் வியப்பென்ன?

மேற்சொன்ன சௌகரியங்கள் யாவும் காசில்லாமல் கூடியிருக்கும் இடம் விவசாயியின் உயிர்வேலியே. உயரம் உண்டு, காற்றோட்டம் உண்டு, காலை வெயில் கிழக்கு முகத்தில் விழுகிறது, உச்சி வேளையில் உள்ளே நிழல் இருக்கிறது, பனித்துளியும் மழைத்துளியும் இலைதோறும் தங்குகின்றன, பூச்சிகள் தாமே வருகின்றன. கம்பிவேலியும் கல்தூணும் வந்து பழைய வேலிகள் அழிந்த இடங்களில் பச்சோந்திக்கு வீடும் இல்லை, வழியும் இல்லை. அது தரையில் இறங்கித் தார்ச்சாலையைக் கடக்கும்போது, தன் இயல்பான மந்த நடையினால் வண்டிச் சக்கரத்தில் அகப்படுகிறது.

உயிர்வேலி வைக்க விரும்புவோர்க்கு, கொங்கு நாட்டார் கொறங்காடுகளைச் சுற்றி நெடுங்காலமாக வைத்துவரும் கிளுவை நல்ல அடிப்படை. முற்றிய கிளுவைக் குச்சிகளை மழைப்பருவம் தொடங்குமுன் வெட்டி, வரிசையாக நெருக்கி ஊன்றினால் வேர்விடும். ஆயினும் கிளுவை கோடையில் இலை உதிர்ப்பது. அந்நாட்களில் மறைவு குறையாதிருக்க, இடையிடையே நொச்சி, ஆடாதொடை, சங்கஞ்செடி இவற்றைச் சேர்க்கவேண்டும். நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடுமாடுகள் மேய்வதில்லையாதலால் காவல் வேலை மிச்சம். கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி முதலிய கொடிகள் தாமே ஏறுவதை அறுத்தெறியலாகாது. ஒரு செடியினின்று மறு செடிக்குச் செல்லப் பச்சோந்திக்கு அவையே பாலம். வேலை குறைவென்று சீமைக் கருவேலை நாடுதல் தகாது. அது வேலியில் நிற்காமல் வயலுக்குள்ளும் குளத்துக்குள்ளும் பரவிவிடும். ஓராள் உயரத்துக்கு மேல் வேலி வளர்ந்தால் போதுமானது.

வேலியைக் கழிக்கும்போது ஒரே நாளில் முழுவதையும் மொட்டையாக்காமல், இவ்வாண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி என்று வெட்டுதல் சிறந்தது. வெட்டிய முள்ளை வேலியடியிலேயே கொளுத்தும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். தீயினின்று ஓடித் தப்பும் வேகம் பச்சோந்திக்கு இல்லை. பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கும்போது காற்றின் திசையறிந்து, வேலியின்மேல் படாதபடி தெளிப்பது அவசியம். மருந்துபட்ட வெட்டுக்கிளியைத் தின்னும் பிராணிக்கும் அம்மருந்து சேரும்.

பச்சோந்தியை வைத்துக்கொண்டால் பயிர்ப்பூச்சி அடியோடு ஒழியும் என்று எவரும் எண்ணவேண்டாம். அது வெட்டுக்கிளியையும் ஈயையும் தின்பதுபோல், நன்மை செய்யும் பூச்சிகளையும் தின்னக்கூடியது. அதற்காக மட்டும் வேலி வைப்பாரும் இலர். ஆனால் காற்றுத் தடுப்பு, தழையுரம், விறகு, ஆடுமாடு நுழையாத காவல் ஆகியவற்றுக்காக வைக்கும் வேலியில் இதற்கும் இடம் கிடைக்குமானால், அதனால் விவசாயிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அடிபட்டதோ, நாயிடமிருந்து மீட்டதோ கையில் வந்து சேர்ந்தால், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லியனுப்பவேண்டும். அவர்கள் வரும்வரை, காற்றுப் புகும் மூங்கில் கூடையொன்றில் பற்றிக்கொள்ள ஒரு கிளையை வைத்து, அதன்மேல் பிராணியை விட்டு, மெல்லிய துணியால் மூடி, நிழலில் அமைதியான இடத்தில் வைத்தால் போதும். வாயைப் பிளந்து இரையோ நீரோ புகட்டலாகாது; கிளையின் இலைகளில் சிறிது நீர் தெளிக்கலாம். காயமின்றிச் சாலையில் மட்டும் கண்டதாயின், ஒரு குச்சியை நீட்டி, அது தானே ஏறிப் பற்றியபின், எந்தப் பக்கம் நோக்கிச் சென்றதோ அந்தப் பக்கத்துப் புதரில் விடுவதே முறை. பெண் பச்சோந்தி முட்டையிடுவதற்காகவே மரத்தினின்று தரைக்கு வருவதுண்டு. மண்ணைத் தோண்டிப் பத்து முதல் முப்பது வரை முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அம்முட்டைகள் பொரிய மாதக்கணக்கில் ஆகுமாதலால், அவ்விதம் தோண்டிய அடையாளம் தென்பட்ட இடத்தில் வேலியடி மண்ணைக் கொத்தும் வேலையைத் தள்ளி வைக்கலாம்.