சிறு புகையிரதமும் பழைய ஏடுகளும்

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928ஆம் ஆண்டில். அதனைச் சிறுவடிவில் அமைத்துப் பார்க்க விழையும் மாணவர் முதலில் இடறும் இடம் தண்டவாளமே. கடைகளில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடையகலம் 16.5 மில்லிமீற்றர். அது மேனாட்டுப் பாதையின் 4 அடி 8½ அங்குலத்தை 87இல் ஒரு பங்காக்கியது. நம் பாதையோ 5 அடி 6 அங்குலம். அக்கணக்கில் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரவேண்டும். மூன்று மில்லிமீற்றர்தானே என்பார்க்கு, வண்டியின் தோற்றமே கெட்டுவிடும் என்போம்.

இத்தகைய நுட்பங்களை யாரிடம் கேட்பது? பிரித்தானியாவில் 1950இல் தோன்றிய வரலாற்று மாதிரிப் புகையிரதச் சங்கம் இதற்கென்றே எழுந்தது. வரைபடங்கள், நிழற்படங்கள், பெட்டிகளுக்குப் பூசிய வர்ணம் பற்றிய குறிப்புகள் யாவற்றையும் அது திரட்டி வருகிறது. நம் நாட்டிலோ, கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில் பழைய நீராவி இயந்திரங்களை நேரிற் காணலாம்.

ஆயின் ஊருக்கே உரிய செய்திகளை ஊரிலேதான் தேடவேண்டும். மட்டக்களப்புப் பாதை மகாவலியைக் கடக்கும் மன்னம்பிட்டி இரும்புப் பாலத்தில் முன்னாளில் மோட்டார் வண்டிகளும் புகையிரதமும் மாறிமாறிச் சென்றன. இன்று வீதிக்குத் தனிப் பாலம் உண்டு. பழைய பாலத்தை அமைக்கப் புகுவோன் தண்டவாளங்களினிடையே வீதித்தளம் எப்படியிருந்தது, வாகனங்களை எங்கே மறித்தனர் என்பனவற்றை அறியவேண்டாமா? ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் இருப்பின், மாணவர் குறிப்பேட்டுடன் சென்று கேட்பாராக.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் பழைய நேரசூசியோ, நிலையத்தில் எடுத்த நிழற்படமோ கிடப்பின், ஆண்டையும் இடத்தையும் பின்புறத்தில் பென்சிலால் இன்றே எழுதி வையுங்கள்.