மக்கர் பண்ணுதா பேட்டரி வண்டி?

பாகூரிலிருந்து வில்லியனூர் வருகிற ரோட்டில், கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் ரெண்டு பக்கமும் வயல். நல்ல எதிர்க்காத்து. மணி எட்டரை. ஒன்பது மணிக்கு பிராக்டிகல் எக்ஸாம். பின்னாடி சீட்டில் நண்பன். அந்த நேரம் பார்த்து நம்ம பேட்டரி வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. (சத்தம் இருந்தால்தானே!)

பெட்ரோல் வண்டி நிற்பதற்கு முன்னாடி இருமும், திக்கும், புகை விடும். ஊருக்கு ஊர் இருக்கிற மெக்கானிக் அண்ணன்கள் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார்கள். பேட்டரி வண்டி? சொல்லாமல் கொள்ளாமல் மௌன விரதம்! சர்வீஸ் சென்டரோ டவுனில். தள்ளிக்கொண்டு போனால் எக்ஸாம் முடிந்து ரிசல்ட்டே வந்துவிடும்.

டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி அது. 48 வோல்ட், உள்ளே நாலு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. முதல் தடவை நின்றபோது, "ஃபியூஸ் போச்சு" என்று புதுசு போட்டார்கள். பத்து நாள் ஓடியது. மறுபடி ஃபியூஸ். மறுபடி ஒரு வாரம். மூன்றாவது தடவை ஒருத்தர் ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி, "இனிமே போகவே போகாது தம்பி" என்றார்.

உண்மைதான், அது போகவில்லை. அதற்குப் பதிலாக அரியப்பாளையம் பாலத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாத்தம்தான் வந்தது!

பதறிப்போய் இறங்கி, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, வில்லியனூரில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எப்ப எப்பல்லாம் நிக்குது?"

முழித்தேன். இன்ஜினீயரிங் படிக்கிறவன்கிட்ட பதில் இல்லை! யோசித்து யோசித்துச் சொன்னேன். எதிர்க்காத்து அடிச்சப்போ, டபுள்ஸ் போனப்போ, அஞ்சாறு கிலோமீட்டர் தாண்டினதுக்கு அப்புறம். "அப்போ சூடாகுற இடத்தைத் தேடு" என்று ஃபியூஸ் ஹோல்டரைக் கழட்டிக் காட்டினார். கிளிப் லூஸ். செம்பு பச்சை பூத்து, ஓரமெல்லாம் கருகியிருந்தது.

இங்கேதான் நம்ம ஃபிசிக்ஸ் வருகிறது. ஓடாதீங்க, ரெண்டே வரிதான். ஒரு இணைப்பில் வெறும் 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 25 ஆம்பியர் கரன்ட் ஓடினால், 25-ஐ 25-ஆல் பெருக்கி, அதை 0.05-ஆல் பெருக்கணும். 31 வாட் சூடு! நம்ம லேபில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் பல 25 வாட்தான். அதாவது, சீட்டுக்கு அடியில் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி வைத்துவிட்டு ஜாலியாக ஊர் சுற்றியிருக்கிறேன். அந்தச் சூடு ஃபியூஸுக்குள் ஏறி, 30 ஆம்பியர் தாங்க வேண்டிய ஃபியூஸை அதற்கும் குறைவான கரன்ட்டிலேயே உருக்கிவிட்டது. ஃபியூஸ் பாவம், நோய் ஹோல்டரில்! கம்பியைச் சுற்றியதும் தடுக்க ஆள் இல்லாமல் சூடு ஒயரிங்கைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

புது ஹோல்டர், புது கப்ளர், சரியான ஃபியூஸ். ஒரு மணி நேர வேலை. திரும்பத் திரும்ப ஒரே பார்ட் போகிறது என்றால், பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பார்ட் இல்லை, அதன் பக்கத்து வீட்டுக்காரன்!

அன்றைக்கே ரஃப் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தேதி, எத்தனை கிலோமீட்டர், மழையா வெயிலா, சிங்கிளா டபுள்ஸா. பேட்டரி வண்டி வைத்திருக்கிற நண்பர்களும் எழுத ஆரம்பித்தார்கள். அந்த அண்ணன் சொன்னதோடு சேர்த்துப் பார்த்தால், வண்டி நாலு விதமாகப் பேசுகிறது.

மேட்டில் நின்று, அஞ்சு நிமிஷம் விட்டால் ஓடுதா? நாலு பேட்டரியில் ஒன்று நோஞ்சான். நல்ல பேட்டரி, ஃபுல் சார்ஜில் சும்மா நிற்கும்போது 12.7 வோல்ட் பக்கம் காட்டும். லோடு ஏறும்போது ஒன்று மட்டும் 10.5-க்குக் கீழே விழுந்தால் அதுதான் ஆள். மொத்தம் 42 வோல்ட் பக்கம் இறங்கியதும் கன்ட்ரோலர் கட் பண்ணிவிடும்.

மழையில் நின்று, காய்ந்தால் ஓடுதா? பிரேக் லீவரில் இருக்கிற சுவிட்சைப் பாருங்கள். தண்ணி புகுந்தால், நீங்கள் பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும்.

பள்ளத்தில் விழுந்தால் நின்று, ஹேண்டில்பாரை ஆட்டினால் ஓடுதா? ஹேண்டில் திரும்புகிற இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம்.

உதறி உதறி நகர மாட்டேங்குதா? மோட்டாரின் ஹால் சென்சார் அல்லது மூன்று பேஸ் ஒயரில் ஒன்று.

நம்ம பாகூர் கொம்யூன் பக்கம் கடல் காத்து வேறு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்படித் தண்ணியில் மூழ்கிய வண்டியைத் துடைத்துவிட்டு உடனே சார்ஜ் போடாதீர்கள். முதலில் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இது விளையாட்டு இல்லை ஃப்ரெண்ட்ஸ். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று ரெண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். அதனால் சில சத்தியங்கள் செய்துகொள்வோம். ஃபியூஸ் இடத்தில் கம்பி கூடாது, பெரிய ஃபியூஸும் கூடாது. படுக்கிற அறையிலோ வாசலை அடைத்தோ சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி பெட்டியை நாமே திறக்கக் கூடாது. கருகல் நாத்தம் வந்தால் ஓட்டக் கூடாது.

புது வண்டி, வாரன்டி இருக்கு, ஆனாலும் அதே கோளாறு அஞ்சாவது தடவையா? அங்கேயும் நோட்டுதான் கைகொடுக்கும். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள், கோளாறை அதில் எழுதச் சொல்லுங்கள். "பார்த்துட்டோம், சரியாயிடுச்சு" என்கிற வாய்ப்பேச்சு எங்கேயும் செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. பிரச்னை வந்து ரெண்டு வருஷத்துக்குள் போய்விடணும், அவ்வளவுதான்.

அந்த பிராக்டிகலுக்கு 25 நிமிஷம் லேட்டாகப் போனேன். வைவாவில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஃபியூஸ் எதுக்குப்பா?" அன்றைக்கு, "சர்க்யூட்டைக் காப்பாத்த சார்" என்று புத்தகப் பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போ கேட்டால் சொல்வேன்... "வண்டியில உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரைக் காப்பாத்த சார்!"