காப்புக் காடும் காப்பு நிதியும்

திருவல்லிக்கேணி என்றதும், 1904-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமே கூட்டுறவாளர்களாகிய நமக்கு நினைவில் எழும். அவ்வூரைத் தலபுராணம் ‘பிருந்தாரண்யம்’, அதாவது துளசிக் காடு, என்று போற்றுகிறது. இன்று அங்கே காடு பெயரில்தான் உண்டு. சென்னையின் பழங்காட்டைக் காண விரும்பும் அங்கத்தினர்கள் தெற்கே கிண்டிக்குச் செல்லவேண்டும்.

சோழமண்டலக் கரைக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. கோடை வறட்சியிலும் பசுமை குன்றாத குறுமரங்களும் முட்புதர்களும் அங்கே செறிந்துள்ளன. புள்ளிமானும் நரியும் புதர்நிழலில் ஒதுங்கும். வெளிமானுக்கோ திறந்த புல்வெளி வேண்டும். பெய்யும் மழையை அம்மண் உறிஞ்சி நிலத்தடி நீராக்குகிறது.

1910-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்பு காப்புக் காடாக ஒதுக்கப்பட்டது. பின்னர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திற்கும், தலைவர்களின் நினைவகங்களுக்கும், பிற காரியங்களுக்கும் அதிலிருந்து நிலம் தரப்பட்டது. தனித்தனியே நோக்கின் அவை நற்காரியங்களே. ஆயினும் இன்று தேசியப் பூங்காவாக எஞ்சியிருப்பது சுமார் 270 ஹெக்டேர். 1978-ஆம் ஆண்டின் அறிவிப்பே அதற்குக் காவலாயிற்று.

நிகர லாபத்தில் ஒரு பகுதியை நாம் ஆண்டுதோறும் காப்பு நிதியில் சேர்க்கிறோம். நல்ல செலவுதானே என்று அதிலே கைவைக்க எந்தச் சங்கமும் துணியாது. குறைந்த நிதியையேனும் சில ஆண்டு லாபத்தால் நிரப்பிவிடலாம். அழிந்த பழங்காட்டை நிரப்ப நம் ஆயுள் போதாது. நம் ஊர்ப் பொதுத்தோப்பையும் ஏரிக்கரை மரங்களையும் இக்கணக்கிலேயே வைத்துக் காப்போமாக!