காலை 5.40: உப்புவெளி வீட்டுக்குச் சிறகு முளைக்கிறது!

திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் இன்னும் இருட்டு விலகவில்லை. அதற்குள் அந்த வாடகை வீட்டு முற்றத்தில் நான்கு பேர் பம்பரமாய்ச் சுழல்கிறார்கள். ஒருவர் ஓலைச் சருகு கூட்டுகிறார். இன்னொருவர் கட்டில் விரிப்பில் ஒரே ஒரு சுருக்கத்தை நீவி நீவிச் சலிக்காமல் நிற்கிறார். எனக்கோ நெஞ்சு படபடக்கிறது. கைபேசியில் முப்பது விநாடி பார்த்துவிட்டு, "அடுத்த லீவுக்கு இங்கதான்!" என்கிறீர்களே, அந்த வீடியோ பிறக்கும் இடத்தில் நிற்கிறேன்!

ஏன் இவ்வளவு அவசரம்? கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். அந்தப் பொன் வெளிச்சம் அரை மணி நேரம்கூடத் தங்காது. பிறகு காற்று வேறு. கச்சான் காலத்தில் வெயில் ஏற ஏறக் காற்றும் உரக்கும். அது நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளும். மேலிருந்து படமெடுக்கும் ட்ரோன் போகும்போது சொகுசாகப் போய்விடும். திரும்பும்போது எதிர்க்காற்றில் பற்றரி மளமளவென்று இறங்கும். "பாதி இருக்கேக்கையே திருப்பிப்போடோணும்" என்கிறார் ரிமோட்டைப் பிடித்திருக்கும் தம்பி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

மணலில் வைத்து ஏற்றினால் மோட்டாருக்குள் மண் புகுந்துவிடும். அதனால் ஒரு பலகைத் துண்டுதான் விமான நிலையம்! விர்ரென்ற சத்தம். கூரை சின்னதாகிறது, தென்னைகள் நட்சத்திரங்களாகின்றன, நீலம் விரிகிறது. கீழே கரைவலை இழுக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதில்லை என்பது இந்தக் குழுவின் கட்டுப்பாடு. முன்னமே போய்ச் சம்மாட்டியிடம் பேசியிருக்கிறார்கள். "வலைக்கு மேல தாழப் பறக்காம எடுங்கோ தம்பி" என்று அவர் கையசைக்கிறார். அரைவட்டமாய் வளைந்து கிடக்கும் அந்த வலை திரையில் தெரிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஆ!"

ஆனால் திருகோணமலையில் நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. துறைமுகத்தில் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படைத் தளம், பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளும் அனுமதியும் முதலில். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில நாட்களிலேயே நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதற்குத் தடை வந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவில்லை. அதனால் துறைமுகப் பக்க வீடுகளுக்கு மொட்டைமாடியும் நீளக் கம்பின் நுனியில் கட்டிய கமராவுமே துணை.

கமராவுக்கு இந்தக் கடல் புதிதும் அல்ல. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு இலங்கைக்கு வந்த மைக் வில்சன், 1962இல் வெளிவந்த 'ரன்முத்து தூவ' படத்துக்காக இங்கேதான் கடலுக்கடியில் படம்பிடித்தார். முதல் வண்ணச் சிங்களப் படம் அது! அன்று ஆழத்துக்குப் போன கமரா இன்று ஆகாயத்துக்கு ஏறியிருக்கிறது.

இனி வீட்டுக்குள். இங்கேதான் வித்தையெல்லாம்! நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைக்காவிட்டால் சில மின்குமிழ்களின் வெளிச்சம் திரையில் துடிக்கும். குளியலறைக் கண்ணாடியில் தன் முழங்கை தெரியாமலிருக்கக் கமராக்காரர் கதவிடுக்கில் நண்டுபோல ஒடுங்குகிறார். அகல லென்ஸ் மாட்டியதும் பத்தடி அறை கல்யாண மண்டபமாய் விரிகிறது. அவர் உடனே அதைக் கழற்றிவிட்டு வேறு லென்ஸ் மாட்டுகிறார். "வந்து பாக்கிற சனம் ஏமாறக்கூடாது அக்கா" என்கிறார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

கடைசிக் காட்சிதான் உச்சம். கேற்றிலிருந்து கடல்வரை, வெட்டே இல்லாமல் ஒரே நடை. பக்கத்து வீட்டு மதில், மின்கம்பம், மணல் ஒழுங்கை, உலரும் வலை, எல்லாம் இருக்கிறபடியே. எண்பத்தேழு அடி எடுத்துவைத்தோம், நானும் கூடவே எண்ணினேன். கால் நனைந்தது!

வாடகை வீடு தேடுகிறவர்களே, வானத்துக் காட்சியில் மயங்குங்கள், தப்பில்லை. ஆனால் முன்பணம் கட்டுமுன், கேற்றிலிருந்து கடல்வரை வெட்டாமல் நடந்து எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல வீட்டுக்காரர் சந்தோஷமாக அனுப்புவார்.