நிதானமாய் அறுக்கும் வாள்

திருகோணமலையில் பிறந்தவர்களுக்குக் கடலோசை எவ்வளவு பழக்கமோ, இரும்பை அறுக்கும் ஓசையும் அவ்வளவு பழக்கம். துறைமுகம் இருக்கும்வரை உப்புக்காற்று இருக்கும். உப்புக்காற்று இருக்கும்வரை துருவும் இருக்கும். துருப்பிடித்த ஆணியையும் தண்டையும் அறுத்தெடுத்து மாற்றும் வேலையும் இருந்துகொண்டே இருக்கும். என் தந்தையார் ஆங்கிலேயக் கடற்படையின் பட்டறையில் தொழில் பழகி, அங்கேயே வேலை பார்த்தவர். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் அக்கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வாழ்க்கையின் நினைவாக எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது, அவர் தம் சொந்தக் காசில் வாங்கிய இரும்பறுக்கும் கைவாள் ஒன்றுதான். அது இன்றும் என் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டு வளவிலுள்ள தகரக் கொட்டகையை ஒரு சிறு பட்டறையாக்கினேன். மாலை வேளைகளில் மூன்று மாணாக்கர் வருவார்கள். அவர்களுக்கு நான் கொடுக்கும் முதற்பாடம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள உருக்குத் தண்டொன்றைக் கைவாளால் நேராக அறுப்பது. பழக்கமில்லாத கைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். என் வலத் தோளும் முன்போல இடங்கொடுப்பதில்லையாதலால், வள்ளக்காரர் கொண்டுவரும் வேலையிலும் அறுக்கும் பங்கு மாணாக்கர் தலையிலேயே விழுந்தது. ஒருநாள் அவர்களுள் கணக்கிலே கெட்டிக்காரனான ஒருவன் வாளைக் கீழே வைத்துவிட்டு, “இது கூலிவேலை, சேர்; படிப்பில்லை” என்றான். மறுவாரம் அவன் வரவில்லை.

எனக்கு அது மனத்தில் தைத்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அறுப்பதிலேயே மாலைப்பொழுது முழுவதும் கழிந்தால், அளப்பதற்கும் சிந்திப்பதற்கும் எங்கே நேரம்? ஆலையில் செய்த இயந்திர வாளின் விலையை விசாரித்தேன். ஓய்வூதியக்காரன் கேட்டு மகிழக்கூடிய விலையன்று அது. ஆகவே நாங்களே ஒன்றைச் செய்வதென்று துணிந்தேன்.

இந்த ஊருக்கு அப்படியொரு துணிவு புதிதன்று. 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த மாபெரும் மிதக்கும் செப்பனிடு துறை, ‘வலியன்ட்’ என்னும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த நிலையிலே முறிந்து மூழ்கிற்று. அப்போது பத்தொன்பது வயதுப் பழகுநராக இருந்த என் தந்தையார் அந்த நாளைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசினார். கப்பல் தப்பியது, ஆனால் அதன் நான்கு சுழலித் தண்டுகளில் உட்புறத்து இரண்டும் இறுகிப்போயின, சுக்கானும் பழுதாயிற்று. சுயஸ் வரையில் தள்ளாடிச் சென்ற கப்பலால் கால்வாயைக் கடக்க முடியவில்லை. பீற்றர் கீபிள் என்னும் மீட்புப்பணி அதிகாரி தம் நேரடி மேற்பார்வையில் அந்த இரண்டு தண்டுகளையும் நீரடியில் அறுத்தெறியச் செய்தார். நீரடியில் ஒட்சிசனும் மின்பொறியும் கொண்டு இரும்பை வெட்டும் கருவியொன்று அவரிடம் இருந்தது. அது சோதனை நிலையிலிருந்த கருவி. இந்த வேலைக்கென்று அவர் தாமே அதை மாற்றியமைத்துக்கொண்டார். கையிலிருக்கும் கருவியை வேலைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் அந்தப் புத்தி, போர்க்கப்பலுக்கு மட்டும் உரியதா? தகரக் கொட்டகைக்கும் உரியதுதானே!

இயந்திர வாளின் அமைப்பு எளியது. ஒரு மோட்டார் சுழலும். கப்பிகளும் பட்டிகளும் அந்தச் சுழற்சியின் வேகத்தைக் குறைக்கும். கடைசிக் கப்பியின் அச்சிலுள்ள வட்டத் தட்டில், நடுவிலிருந்து இரண்டரை அங்குலம் தள்ளி ஒரு முளை இருக்கும். அம்முளையோடு பூட்டிய இணைப்புத் தண்டு வாட்சட்டத்தை ஐந்தங்குலம் முன்னும் பின்னுமாக இழுக்கும். கம்பியை ஓர் இடுக்கி இறுகப் பிடித்திருக்கும். வாள் தன் பாரத்தாலே மெல்ல இறங்கும். அவ்வளவுதான்.

பழைய இரும்புக் கட்டிலொன்றின் சட்டங்கள் எங்கள் இயந்திரத்துக்குப் பீடமாயின. மா அரைக்கும் பொறியொன்றிலிருந்து அரைக் குதிரைவலு மோட்டாரும் பன்னிரண்டங்குலக் கப்பியும் கிடைத்தன. வாட்சட்டம் வழுக்கி ஓடவேண்டிய இடத்துக்கு, வள்ளமொன்றின் சுழலித் தண்டில் தேய்ந்து கழிந்த வெண்கல உறையை அறுத்து இழைத்துப் பொருத்தினோம். உப்புக்காற்றில் இரும்போடு இரும்பு உரசினால் ஒரு மழைக்காலத்திலேயே இறுகிவிடும். வெண்கலம் அப்படி இறுகுவதில்லை. இயந்திரத்தின் கை, கடைசிக் கப்பியின் அச்சையே தன் கீலாகக் கொண்டு இறங்குமாறு அமைத்தோம். அப்போதுதான் கை எவ்வளவு இறங்கினாலும் வாள் ஓடும் தூரம் மாறாது.

முதல் ஓட்டத்தைப் பார்க்க அயலவரும் கூடினர். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுற்றுவது. இரண்டங்குலக் கப்பியிலிருந்து பன்னிரண்டங்குலக் கப்பிக்கு நேரே பட்டி போட்டிருந்தேன். வாள் பறந்தது. நிமிடத்துக்கு 240 இழுப்பு! சற்று நேரத்தில் தீய்ந்த மணம் எழுந்தது. நிறுத்திப் பார்த்தால், பட்டறையில் பிளேட் என்று சொல்லும் அந்த அலகின் பற்கள் மழுங்கி நீலம் பாரித்திருந்தன. தண்டில் விழுந்ததோ ஒரு கீறல். அலகு மட்டமானது என்று கடைக்காரரை நான் ஏசினேன். வேறொன்று போட்டோம், அதற்கும் அதே கதி.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஒரு குரல், “சேர், பிழை அலகில் இல்லை, வேகத்தில்” என்றது. திரும்பிப் பார்த்தேன். வராமல் நின்றுவிட்ட அந்தப் பையன்தான்! கைவாளால் அறுப்பவன் நிமிடத்துக்கு ஐம்பது இழுப்பளவில் இழுப்பான் என்று வகுப்பில் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னான். பிறகு நிலத்தில் குந்தியிருந்து கரித்துண்டால் கணக்குப் போட்டான். 240 சுற்றுள்ள அச்சில் மூன்றங்குலக் கப்பியொன்றை ஏற்றி, அதிலிருந்து ஒன்பதங்குலக் கப்பியொன்றுக்கு இரண்டாம் பட்டி போட்டால் 240 மூன்றிலொன்றாகி 80 ஆகும். அவ்வாறே செய்தோம். வாள் நிதானமாக நடந்தது; இரும்புத்தூள் நீலம் பாரிக்காமல் வெள்ளிபோல உதிர்ந்தது. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை இரும்பும் அறிந்திருக்கிறது. மறுநாள் கடைக்காரரிடம் சென்று, நான் ஏசியதற்கு வருத்தம் தெரிவித்தேன்.

அலகைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அறுபடும் பொருளின்மீது எப்போதும் மூன்று பற்களாவது படிந்திருக்க வேண்டும். மெல்லிய குழாயைப் பெரும்பல் அலகால் அறுத்தால், குழாயின் விளிம்பு இரண்டு பற்களுக்கிடையே புகுந்து பற்களை முறித்துவிடும். அதற்கு அங்குலத்துக்கு 32 பல் வேண்டும். தடித்த தண்டுக்கோ, உதிரும் தூள் தங்க இடம் வேண்டுமாதலால் அங்குலத்துக்கு 18 பல் ஏற்றது. ஆலை இயந்திரங்களில் வாள் மீளும்போது சற்றே மேலெழும். பற்கள் வீணே உரசித் தேயா. எங்கள் இயந்திரத்தில் அந்த வசதி இல்லை. ஆகையால் பாரத்தைக் குறைத்தோம். பால்மாத் தகரமொன்றில் கடற்கரை மணலை நிரப்பிக் கையின் நுனியில் தொங்கவிட்டோம். பாரம் கூடினால் ஒரு பிடி மணலை எடுப்போம். குறைந்தால் ஒரு பிடி போடுவோம்.

அறுத்த முகம் நேராயிருக்கிறதா என்பதை எப்படி அறிவது? அறுபட்ட இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, ஒரு துண்டை அரைவட்டம் திருப்பவேண்டும். கோணலிருந்தால் அது இரட்டித்துத் தோன்றும். எங்கள் முதல் துண்டுகளுக்கிடையே தபாலட்டையொன்று தாராளமாக நுழைந்தது. இடுக்கியின் அடியில் மெல்லிய தகடு வைத்து, மூன்று மாலைகள் திருத்தினோம். பிறகு சிகரெட்டுத் தாளும் நுழையவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அந்தத் திருத்த வேலையின்போது, மூடாமல் விட்டிருந்த பட்டி பையனின் சாரத்து நுனியைக் கவ்விற்று. பக்கத்தில் நின்றவன் ஆளியைத் தட்டி நிறுத்தியதால், சாரம் கிழிந்ததோடு போயிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செலவைக் குறைப்பதாக நினைத்து, ஒரு தகட்டின் விலையை மாணாக்கனின் காலுக்கு மேலாக வைத்திருந்தேன்! மறுநாளே பட்டிகளுக்கு வலையும் தகடும் கொண்டு உறை செய்தோம். தண்டு அறுபட்டுக் கை இறங்கியதும் தானே நிற்கும் ஆளியைப் பூட்டினோம். ஈரக்காற்று வீசும் ஊராதலால் புவித்தொடுப்பு முறையாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பித்தோம். பட்டறையில் சாரம் உடுத்தலாகாது என்ற விதியும் அன்று பிறந்தது.

பழைய இரும்பிலிருந்தே ஒரு பட்டறையை முழுவதும் செய்துகொள்ளலாம் என்று, கரியடுப்பில் உலோகம் உருக்குவது முதல் கடைசற்பொறி செய்வது வரை ஏழு நூல்கள் எழுதினார் டேவ் ஜிஞ்சரி என்னும் அமெரிக்கர். அப்படிச் செய்ய விரும்புவோருக்கு என் அனுபவம் கூறுவது இதுதான்: பீடத்தில் மிச்சம் பிடிக்கலாம், மோட்டாரில் பிடிக்கலாம், மணல் நிரப்பும் தகரத்தில் முழுவதும் பிடிக்கலாம். நல்ல அலகிலும், அச்சைத் தாங்கும் பெயரிங்கிலும், காவல் உறையிலும் பிடிக்கலாகாது. எங்கள் செலவில் பாதிக்குமேல் இவற்றுக்கே போயிற்று.

இப்போது இரண்டங்குலத் தண்டு கால்மணி நேரத்தில் அறுபடுகிறது. அந்தக் கால்மணி நேரத்தில் மாணாக்கர் அடுத்த வேலைக்கு அளவெடுக்கிறார்கள், படம் வரைகிறார்கள், என்னைக் கேள்வி கேட்கிறார்கள். சென்ற வாடைக்காலத்தில் ஒருநாள், வள்ளக்காரர் ஒருவர் மறுநாள் கடலுக்குப் போகவேண்டுமென்று தண்டொன்றைக் கொண்டுவந்தார். பாதி அறுபட்டபோது மின்சாரம் போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. “கூலிவேலை” என்று போன அந்தப் பையன் எழுந்து, என் தந்தையாரின் கைவாளைச் சுவரிலிருந்து எடுத்தான். விளக்கொளியில், அவசரமில்லாமல், அலகின் முழு நீளமும் ஓடும்படி, மீளும்போது பாரத்தைத் தளர்த்தி, நிமிடத்துக்கு ஐம்பது இழுப்பாக அறுக்கத் தொடங்கினான். வள்ளக்காரர் பெட்டியொன்றில் அமர்ந்து காத்திருந்தார். மழை ஓசைக்கிடையே அந்தப் பழைய ஓசையை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.