கடலோரத்தில் தாய் தனியே! உதவி எங்கே கிடைக்கும்?

மகன் துபாயில். மருமகள் சென்னையில். கடலூர்க் கடலோரக் கிராமத்தில் தாய் மட்டும். வயது எழுபதுக்கு மேல். சர்க்கரை நோய் வேறு. ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறாள். போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பாள். நம்பிவிடாதீர்கள்! பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள்.

அவளை யார் கவனிப்பது?

முதலில் 14567-க்குப் போன் செய்யுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம். எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று சொல்வார்கள்.

அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையம். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சையும் உண்டு. ஊர் மாற வேண்டியதில்லை. தாய் விரும்புவதும் அதுதான்.

ஆதரவே இல்லாதவர்கள் என்ன செய்வது? 2004 சுனாமிக்குப் பிறகு, கடலூர்ப் பகுதியில் ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. அங்கே விசாரிக்கலாம்.

எந்த முதியோர் இல்லமானாலும், பணம் கட்டுமுன் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். இரவில் கூப்பிட்டால் வர ஆள் உண்டா என்று கேளுங்கள். தாயையும் அழைத்துப் போங்கள். தங்கப் போகிறவள் அவள்தானே?